தலைமுழுக்கு

கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெருக் கிணறுகளும் போர்வெல்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை விரித்த கோடை அது. லாரித் தண்ணீர் தெருமுனைக்கு வரும். வருகிறேன் என்று சொல்லி வராமலும் போகும்.

அப்பாவுக்கு நான் வைத்த பெயர் குழாய் இன்ஸ்பெக்டர். அரிசி களைந்த தண்ணீர் பாத்திரம் ஊற வைக்க. துணி அலசிய தண்ணீர் கக்கூசுக்கு. குளியல் என்றால் பிளாஸ்டிக் டப்பில் உட்கார்ந்துதான், அந்தத் தண்ணீரும் வாழைக்குப் போய்ச் சேர வேண்டும். பல் துலக்க அவருக்கு அரை டம்ளர் போதும். பின்பக்கம் ஒரு நீல டிரம்மை நிரப்பி, யாரும் தொடாதபடி மூடிமேல் அம்மிக்குழவியை வைத்திருந்தார். ஆத்திர அவசரத்துக்கு என்பார். இந்த வீட்டில் தாகத்தைவிட என்ன பெரிய அவசரம் வந்துவிடப் போகிறது என்று நான் கிண்டல் செய்வேன்.

வந்தது. ஒரு நாள் காலையில் பால் பாக்கெட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் நாடி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அம்மா அழுதுகொண்டே முன்னறைச் சாமான்களை ஒதுக்கச் சொன்னாள். தெருவே திரண்டு வருமே, உட்கார இடம் வேண்டாமா? ஜமக்காளம் விரித்தேன். தெரு திரண்டுதான் வந்தது. ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், மூக்கைச் சிந்தினார்கள். ஒருவர்கூடத் தாழ்ப்பாளில் கை வைக்கவில்லை. அப்பாமேல் இத்தனை பேருக்கும் என்ன மனத்தாங்கல் என்று புரியாமல், கேட்டைத் திறந்து உள்ளே வரச் சொன்னேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

எதிர்வீட்டு அத்தைதான் வாயைத் திறந்தார். உறவில்லை, கூப்பிட்டுப் பழகிய அத்தை. அம்மாவுக்கு உயிர்ச் சிநேகிதி.

"தப்பா எடுத்துக்காதப்பா. சாவு வூட்டுக்குள்ள வந்தா தலைமுழுகணும். கொழந்தைங்களுக்குக் குடிக்கவே தண்ணி இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியும் ஒரு தெரு உண்டா? கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. காலிக் குடங்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது.

பல்லாவரத்திலிருந்து பெரியப்பா மகன்கள் வந்த பிறகுதான் அப்பாவைத் தூக்க ஆள் கிடைத்தது. குளிப்பாட்ட வேண்டும் என்றபோது அம்மா போய்க் குழவியை இறக்கி டிரம்மைத் திறந்தாள். அரை டம்ளரில் பல் துலக்கியவருக்குக் குடம் குடமாக ஊற்றினோம்.

காரியம் முடிந்தும் அம்மாவின் கோபம் ஆறவில்லை. "தலைமுழுகணுமேன்னு நம்மளையே தலைமுழுகிட்டாங்கடா" என்றாள். எதிர்வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்றாள். லாரி வரும்போதெல்லாம் டிரம்மை மட்டும் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி வந்தாள்.

மழை வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வரும்போது எதிர்வீட்டு வாசலில் கூட்டம். அத்தையின் கணவர் போய்விட்டார். எங்கள் வீட்டில் அம்மா இல்லை. ஆயிரம் இருந்தாலும் என் அம்மா மனுஷி, பகையை மறந்து போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வந்ததும் தலைமுழுக வேண்டுமே. குழவியை இறக்கி, டிரம்மிலிருந்து ஒரு வாளி மொண்டு பின்வாசலில் தயாராக வைத்தேன்.

அம்மா வந்தாள். வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. வாளியைத் தூக்கித் தண்ணீரைச் சிந்தாமல் திரும்ப டிரம்மில் ஊற்றினாள். மூடியைப் போட்டுக் குழவியை மேலே வைத்தாள்.

"நான் உள்ள போகலடா" என்றாள்.