பெட்டி புறப்பட்ட நாள்

வரிக் கணக்கில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று தில்லை நகர் ஆடிட்டரிடமே சொன்னவள் நான். முதல்முறையாக மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன வருஷத்தின் கணக்கு அது. ஏப்ரலிலிருந்து எண்ணி நூற்று எண்பத்திரண்டு நாள் இந்தியாவில் இருந்துவிட்டால், அங்கே வாங்கிய சம்பளத்துக்கும் இங்கே வரி. நான் இருந்தது நூற்று எழுபத்தொன்பது. விரல் விட்டு எண்ணி வைத்திருந்தேன்.

"கிளம்பின தேதி சொல்லுங்க" என்றார்.

"செப்டம்பர் இருபத்தாறு, வெள்ளிக்கிழமை."

பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "முத்திரை இருபத்தொன்பதுன்னு இருக்குங்களே. சரியா நூத்தி எண்பத்திரண்டு வருது. ஒரு நாள் முன்னாடி போயிருந்தா வரியே இல்லைங்க."

வெள்ளிக்கிழமை கிளம்பியது நான் இல்லை, என் பெட்டி.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அப்பா பஞ்சாங்கம் பார்க்காமல் யாரும் வாசல் தாண்ட முடியாது. வெள்ளிதான் நல்ல நாள் என்றார். அன்றைக்கு டிக்கெட் இல்லை. ஆகவே பரஸ்தானம்: பெட்டியைக் கொண்டுபோய் அத்தை வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகவே அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் இருந்தது. "பரஸ்தானம்தான் வெச்சாச்சே, திங்கக்கிழமை நிதானமா போ" என்றார் அப்பா. நானும் அம்மா கைச் சாப்பாட்டை விட மனசில்லாமல் தலையாட்டினேன். சமையலறைக் காலண்டரில் அவர் வட்டம் போட்டது வெள்ளியைத்தான். வீட்டில் எல்லோரும் அதையே சொல்லிச் சொல்லி எனக்கும் அதுவே பதிந்துவிட்டது.

வரி கட்டினால் லிஃப்ட் உள்ள ஃப்ளாட்டுக்குச் சேர்த்திருந்த அட்வான்ஸ் காலி. நாங்கள் வாடகைக்கு இருப்பது மூன்றாவது மாடியில். அம்மாவுக்கு முழங்கால் வலி.

வீட்டில் சொன்னதும் அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. "ஆத்தை விட்டுக் கிளம்பின நாள்னு வெள்ளிக்கிழமையையே எழுதினா என்னடி? அது பொய் இல்லையே."

"பெட்டிக்குச் சம்பளம் வரலைப்பா. எனக்குத்தான் வந்தது."

கோபம் வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் மீதி. பாஸ்போர்ட் என் கைப்பையில்தானே இருந்தது? ஆனாலும் வரியைக் கட்டும்போது நான் தயங்கவில்லை. சம்பாதித்தவளுக்கு மறுபடியும் சம்பாதிக்கத் தெரியும்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு அம்மாவும் நானும் மாடி ஏறினோம். இரண்டாவது மாடியில் அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டாள். மேலே அப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா காய்கறிப் பையை என்னிடம் நீட்டினாள். "இதைக் கொண்டுபோய் மேல வெச்சுடு. நான் ஏறியாச்சுன்னு உங்கப்பா காலண்டர்ல வட்டம் போட்டுக்கட்டும்."

அப்பா செருப்பு கூடப் போடாமல் இறங்கி வந்தார்.