பிஸ்கட் டின்னுக்குள் கைப்பேசிகள்

திரை விலகிய பிறகு நாடக இயக்குநருக்கு வேலை கிடையாது. முப்பது வருடமாக இதைச் சொல்லி வருகிறேன். கேட்பவர்கள் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தன்னடக்கமெல்லாம் எனக்கு வராத சமாச்சாரம். உண்மையிலேயே வேலை கிடையாது. மேடையில் ஒருவன் வசனத்தை விழுங்கினால் விழுங்கியதுதான். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

கோலாலம்பூரின் பெரிய அரங்குகளில் நிறைய நாடகங்களை மேடையேற்றினேன். வெள்ளைக்காரர்களின் ஓபராவில் உதவி இயக்குநராகவும் இருந்திருக்கிறேன். ஆரம்பம் முதல் முடிவு வரை பாட்டாலேயே நடக்கும் நாடகம் அது. தமிழில் அப்படி ஒன்றைச் செய்துவிட்டுத்தான் ஓய்வது என்று எனக்கு வெகுநாள் வெறி. நகரத்தில் நல்ல குரல்கள் இருந்தன, ஆனால் ஒத்திகைக்கு வர யாருக்கும் நேரம் இல்லை. ஒரு நாள் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் ஒன்றில் ஏழு பேர் பஜனை பாடக் கேட்டேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஏழு பேரும் ஒரே குடும்பம். எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன் ஒருவன். மற்ற ஆறு பேரும் அவனுடைய பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். ஒருவன் ராசா என்ற ஊரிலிருந்து வருவான், இருவர் சுங்கை சோவிலிருந்து. ஒருவன் பாசிர் பெனம்பாங்கில் மீன் பெட்டி தூக்கிவிட்டு, குளித்தும் போகாத வாடையோடு ஒத்திகைக்கு வருவான். ஆனால் ஏழு பேரும் சேர்ந்து வாயைத் திறந்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆர்மோனியம் வாசித்தவர் மட்டும் எச்சரித்தார். "மாஸ்டர், எல்லாரும் பங்காளிங்க. ஒரு சாவு விழுந்தா மொத்த மேடையும் காலி. நீங்க நாடகம் போடறது கோயில் மண்டபத்துல, நெனப்பிருக்கா?"

துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, வந்தால் பங்காளிகள் யாரும் கோயில் வளாகத்துக்குள் கால் வைக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாததா? தெரியும். குரல் காதில் விழுந்த பிறகு மற்றதெல்லாம் மூளையில் ஏறவில்லை. பத்து மாதம் ஒத்திகை நடந்தது. மேடையேற நான்கு நாள் இருக்கும்போது லோரிக்காரனின் அப்பாவை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நான் தினமும் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன். கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் மகளிடம், "மாஸ்டரு தங்கமான மனுசன்" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியும் சாயங்காலம் ஐந்து மணி வரை தாங்குமா தாங்காதா என்பதே எனக்கு வேண்டியிருந்தது.

சனி இரவு வரை தாங்கினார். ஆனால் ஞாயிறு காலையில் நினைவு தப்பிவிட்டது. மதியம் மண்டப வாசலில் லோரிக்காரன் என் காரருகே வந்து நின்றான். முகத்தில் பாதி ஒப்பனை ஆகியிருந்தது.

"மாஸ்டர், நான் அப்பாகிட்டயே இருந்துரட்டுமா? மனசு ஒரு மாதிரியா இருக்கு."

இருக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உள்ளே நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. "ரெண்டு மணி நேரந்தாம்பா. ஆஸ்பத்திரி பத்து நிமிசம். ஏதாச்சும்னா நானே மேடையில ஏறி உன்ன கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் மேடையேறும் எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கி ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவேன். முதலில் என்னுடையது விழும். எப்போதோ ஓர் அழுகைக் காட்சியில் செத்துக் கிடந்தவனின் இடுப்பிலிருந்து சினிமாப் பாட்டு கிளம்பியதிலிருந்து இந்தச் சட்டம். அன்றைக்கு எல்லாரும் போட்டுவிட்டார்கள். லோரிக்காரன் மட்டும் தயங்கினான்.

"இது மட்டும் என்கிட்ட இருக்கட்டுமே மாஸ்டர். சத்தத்த அமத்திக்கிறேன்."

"என் மடியிலதான் இருக்கப்போவுது லா" என்று டின்னை நீட்டினேன். போட்டான்.

மூன்று மணிக்குத் திரை விலகியது. அவனுக்குத் தற்பெருமைக்காரக் கப்பல் தலைவன் வேடம். கடலையே பார்க்காமல் கடலை வென்ற கதையைப் பாடிக்கொண்டிருப்பான். ஜனங்கள் முதல் பாட்டிலேயே விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கால் மணி நேரம் தாண்டியிருக்கும், என் மடியில் டின் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. பிறகு உள்ளே இன்னொரு கைப்பேசி, அதன் பிறகு வேறொன்று. சற்று நேரத்தில் டின் முழுவதும் குளவிக்கூடு மாதிரி இரைந்தது.

ஒரே குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு வருகிறது என்றால் அது ஒன்றுக்காகத்தான். கிழவர் போய்விட்டார் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு என் மூளை வேலை செய்த வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. போன உயிர் போய்விட்டது, இப்போது ஓடினால் என்ன, ஐந்து மணிக்கு ஓடினால் என்ன? செய்தி காதில் விழுந்தால்தானே துடக்கு? மூடியைத் திறக்காத வரை அவர்களுக்கும் துடக்கில்லை, கோயிலுக்கும் தோஷமில்லை. துண்டை மடித்து டின்னுக்கு அடியில் கொடுத்தேன். மூடிமேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டேன். எழுந்து போய் ஒரு கைப்பேசியை எடுத்துப் பார்க்கப் பத்து வினாடி ஆகியிருக்காது. கால் எழவில்லை. மேடையில் அவன் பத்து மாதத்தில் பாடாத அளவுக்குப் பாடிக்கொண்டிருந்தான். நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான்கரை வாக்கில் டின் அடங்கியது. ஐந்து மணிக்கு ஆட்டம் முடிந்து ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் லோரிக்காரன் டின்னுக்குள் கையை விட்டுத் தன் கைப்பேசியை எடுத்துவிட்டான். அவன் அக்கா அனுப்பியிருந்த குரல் பதிவுகள் இருந்தன. முதலாவதைச் சத்தமாக வைத்தான்.

"தம்பி, அப்பா நல்லா முழிச்சிட்டாருடா. பேசறாரு. உன்னயத்தான் கேக்கறாரு. மாஸ்டர்கிட்ட சொல்லிட்டு வெரசா வா லா."

அது மூன்று இருபதுக்கு வந்தது. அடுத்ததில், "போன எடுடா, அவனுங்களும் எடுக்க மாட்டேங்கறானுங்க" என்றாள். கடைசிப் பதிவு நான்கரைக்கு வந்தது. அதில் பேச்சு இல்லை, அழுகை மட்டும் இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்த மனிதர் கண் விழித்து மகனைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பத்து நிமிடத் தூரம்.

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. "நீங்க பாத்தீங்களா மாஸ்டர்?"

"பாக்கலப்பா" என்றேன்.

அது பொய்யில்லை. நான் பார்க்கவில்லை. அவன் கப்பல் தலைவனின் சிவப்புச் சட்டையோடு வெளியே ஓடினான். பங்காளிகள் ஆறு பேரும் பின்னால் ஓடினார்கள். நான் காரை எடுக்கிறேன் என்று கத்தினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பூமாலை வாங்கிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்கத் துணிச்சல் இல்லை, போகவும் துணிச்சல் இல்லை. என்னைக் கண்டதும் அவன் அக்கா தலைமாட்டிலிருந்து எழுந்துவிட்டாள்.

"எங்க வந்தீங்க? எங்கப்பா வாசலயே பாத்துக்கிட்டுப் போனாரு தெரியுமா? உங்க ஆட்டம் நல்லா நடந்துச்சா?"

பந்தலே என் பக்கம் திரும்பியது. கையில் மாலை கனத்தது. அவள் இன்னும் திட்டினால் தேவலை, அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. ஆனால் லோரிக்காரன் எங்கள் நடுவில் வந்து நின்றுகொண்டான். கழுத்தோரத்தில் ஒப்பனை இன்னும் சரியாகப் போகவில்லை.

"அக்கா, அவர ஒண்ணும் சொல்லாத. அவருக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தா அவரே மேடையில ஏறி என்னய கூட்டிட்டு வந்திருப்பாரு. அவரு சொன்ன வார்த்த அது."

இல்லை, தெரியும் என்று நான் சொல்லியிருக்கலாம். டின் அதிர்ந்தது, அமுக்கிப் பிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஊரையெல்லாம் வாயைத் திறந்து பாடச் சொன்னவனுக்கு அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

அவன் என் கையிலிருந்த மாலையை வாங்கி அப்பாவின் மேல் போட்டான். பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, அதைத் துண்டால் துடைத்து, "உக்காருங்க மாஸ்டர்" என்றான். உட்கார்ந்தேன்.