ஒரு தள்ளு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாலக்கோட்டுச் சாலையில் மாட்டு வண்டியில் வெல்ல மூட்டை ஏற்றிப் போனேன். அதே சாலையில் பிறகு சொந்தப் பிளசர் ஓட்டினேன். அறுபதுகளில் தருமபுரியில் கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் அப்பன் சொத்து இல்லாமல் வாங்கியவன் நான் ஒருவன். இதை எவர் முன்னாலும் சொல்வேன்.

இரண்டு கை மாறி என்னிடம் வந்த கறுப்பு வண்டி. ஒகேனக்கல்லுக்கும் சேலத்துக்கும் வாடகைக்கு ஓடும். வாங்கிக் கொஞ்ச நாளில் கிளப்பும்போது ஒரு சத்தம் ஆரம்பித்தது. செல்ஃப் ஸ்டார்ட்டரை இழுத்தால் தகரக் கொட்டகைமேல் ஜல்லி கொட்டின மாதிரி கத்தும். தெரு நாய்கள் எழுந்து ஓடும். கிளம்பிவிட்டால் ஒன்றும் இருக்காது.

"பேரிங் போச்சு. எஞ்சினை இறக்கணும்" என்றார்கள் டாக்சி ஸ்டாண்டில். நான் நம்பவில்லை. பேரிங் போயிருந்தால் ஓடும்போதும் கத்த வேண்டுமே?

ஒரு நாள் காலையில் வாடகைக்குப் பேசியவர் காத்திருக்கிறார், வண்டி கத்திக்கொண்டே இருக்கிறது. வாசலில் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி வாளியை வைத்துவிட்டு வந்தாள்.

"ஊரே எந்திரிச்சி வந்துரும்ங்க" என்று வண்டியின் பின்னால் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினாள். கியரில் நின்ற வண்டி ஒரு சாண் நகர்ந்து குலுங்கியது. மறுபடி செல்ஃபை இழுத்தேன். சத்தமே இல்லாமல் கிளம்பியது.

"மாடு மாதிரிதாங்க இதுவும். நின்ன எடத்துலயே நின்னு மொரண்டு புடிக்குது" என்றாள்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். அந்த இடத்தில் எஞ்சினின் பல்சக்கரத்துப் பற்கள் தேய்ந்துபோயிருந்தன. செல்ஃப் மோட்டாரின் சின்னச் சக்கரம் பிடிப்புக் கிடைக்காமல் அதில் உராய்ந்து கத்துகிறது. கொஞ்சம் தள்ளினால் நல்ல பல் வந்துவிடும். ஸ்டாண்டில் போய் இதை விளக்கினேன்.

சரிசெய்ய வேண்டுமென்றால் கியர் பாக்ஸை இறக்கி, வண்டியை நாள்கணக்கில் நிறுத்திப்போட வேண்டும். "அதெதுக்குங்க? நான் ஒரு தள்ளு தள்ளுனா போச்சு" என்றாள். அப்படியே வருடங்கள் ஓடின. எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டில் முந்தின சொந்தக்காரர் காலத்திலேயே தொலைந்துபோயிருந்தது. எனக்கு அவள்தான் ஹேண்டில்.

எழுபதுகளில் அவள் வயிற்றில் கட்டி வந்தது. சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். நான் அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் தள்ளினாள், வண்டி அசையவில்லை. மறுபடி தள்ளினாள். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ராத்திரி சோறு சரியா திங்கல, அதான்" என்றாள்.

தினமும் காலையில் அவள் தன் கையை அப்படிப் பார்க்கக் கூடாது. அன்றைக்கே வண்டியைப் பாய் பட்டறையில் விட்டேன். தெரிந்த லேத்துக்காரர். பல்சக்கரத்தைச் சுற்றியிருக்கும் பல் வளையத்தை நெருப்பில் காய்ச்சிக் கழற்றி, கொஞ்சம் திருப்பிப் போட்டால் தேய்ந்த இடம் தள்ளிப் போய்விடும் என்றேன்.

"வெடிச்சிருமுங்க அண்ணே. யாரு சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?"

"கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடறதப் பாத்ததில்லீங்களா பாய்? நீங்க துருத்திய ஊதுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

வளையம் சூட்டில் விரிந்து கழன்றது. திருப்பிப் போட்டதும் ஆறி, இறுகக் கவ்விக்கொண்டது. "மூணாங்கிளாசோட நின்னீங்களே, நாங்க பொழச்சோம்" என்று சிரித்தார் பாய்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அவள் வாசலுக்கு வருவதற்குள் செல்ஃபை இழுத்தேன். தொட்டதும் கிளம்பியது. ஜெயித்தவன் மாதிரி திரும்பிப் பார்த்தேன். டிக்கியின்மேல் ஒரு கையை வைத்தபடி நின்றாள்.

"சத்தம் போயிருச்சுங்களா?"

"போயிருச்சு. இனி உனக்கு அந்த வேலையே இல்ல."

"செரிங்க. அப்ப நான் உள்ள போறேன்."

அதற்குப் பிறகு காலையில் அவள் வாசலுக்கு வரவில்லை.

ஒரு முறை சேலத்தில் வலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினோம். தொப்பூர் மேடு ஏறி, சாலை எங்கள் பக்கம் லேசாகச் சரிகிற இடத்தில் டீக்கடை. டீ குடித்துவிட்டு நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் ஏறவில்லை.

"ஏனுங்க, ஒரு தரம் தள்ளிப் பாக்கட்டுமா?"

"செரி, தள்ளு" என்றேன். அவள் பின்னால் போய்க் கைவைத்தது கண்ணாடியில் தெரிந்தது. கிளட்சை மிதித்துக்கொண்டு பிரேக்கை மெல்ல விட்டேன். வண்டி நகர்ந்தது. இரண்டு கைகளையும் நீட்டியபடி அவள் பின்னாலேயே நடந்து வந்தாள். நாலு அடியில் பிரேக்கைப் பிடித்தேன்.

மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாத்தீங்களா? எல்லாத்தையும் ஸ்டாண்டுல போயிப் பீத்திக்குவீங்களே, இதையும் சொல்லுங்க."

சொன்னேன். தொப்பூர் மேட்டில் என் வீட்டுக்காரி ஒற்றை ஆளாக வண்டியைத் தள்ளினாள் என்று அன்று சாயங்காலமே சொன்னேன். சரிவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அந்த மாசியில் அவள் போய்ச் சேர்ந்தாள். வண்டியை அதன் பிறகும் பல வருடம் ஓட்டினேன். காலையில் கிளப்பும்போது ஒரு நாளும் சத்தம் வரவில்லை.