செல்வராணி தைத்த ஒட்டுப் போர்வை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பாண்டியிடமிருந்து அழைப்பு வந்தது. பாண்டி, செல்வராணியின் தம்பி. காளவாசலில் இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். மறுநாள் நான் எத்தனை மணிக்கு மருத்துவமனைக்கு வருகிறேன் என்று கேட்கத்தான் வழக்கமாகக் கூப்பிடுவார். அன்று, "அக்கா காலையில எந்திரிக்கல சார்" என்றார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது. நான் வாய்கூடக் கொப்பளிக்காமல் கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இதை வாசிப்பவர்களில் சிலர் செல்வராணியிடம் ரவிக்கை தைத்துக்கொண்டவர்களாக இருக்கலாம். காளவாசலில் அவர் கடைக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது என்று என் மனைவி விஜயா சொல்வார். நான் அந்தக் கடையைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தவர் டயாலிசிஸ் கூடத்தில் எனக்கு அடுத்த கட்டிலில் படுத்திருந்த செல்வராணி. செவ்வாயும் வெள்ளியும் காலைப் பிரிவில் எங்களோடு இருந்தவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். நான் விட்டதை நீங்கள் சேர்த்துக்கொள்வீர்கள்.

அஞ்சலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவருடமே என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. முதல் நாள் நான் போய்ப் படுத்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. "போர்வை கொண்டாந்திருக்கீங்களா சார்? இங்கன குளிரு எலும்புக்குள்ள போகும்" என்றார். நான் கொண்டுபோகவில்லை. அவர் தன் காலடியில் கிடந்த பழைய சேலை ஒன்றைச் செவிலியரிடம் கொடுத்து என்மேல் போடச் சொன்னார். உடம்பின் இரத்தம் முழுதும் வெளியே போய் இயந்திரத்தில் சுற்றித் திரும்பும்போது வருகிற குளிரை, அதில் படுத்தவர்கள்தான் அறிவார்கள்.

அவர் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஊசி குத்துவதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஓர் இடம் அமைப்பார்கள். முதலில் அவருக்கு இடது கையில்தான் அமைத்தார்கள். அது அடைத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் வலது கையில் அமைத்தார்கள். தையல்காரரின் வலது கை. அதன்பிறகு விரல் நுனிகள் மரத்துப்போயின; கத்தரிக்கோல் பிடித்தால் எங்கே வெட்டுகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் கழுத்து ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லையாம். இவர்தான், "என் கை இனிமே நேரா வராதும்மா, வேற ஆளப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, அந்த மாதமே கடையை மூடிவிட்டார். இதை அவர் என்னிடம் சொன்னபோது குரலில் எந்த மாற்றமும் இல்லை. சொல்லி முடித்துவிட்டு முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடையை மூடினாலும் பல வருடத்து வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கோச்சடையில் அவர் வீட்டுப் பரணில் கிடந்தது. அதில்தான் போர்வை தைக்க ஆரம்பித்தார். பழைய வேட்டியைச் சதுரமாக வெட்டிக்கொள்ள வேண்டும். அதன்மேல் குறுக்காக, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரைக்கும் ஒரு துணிக் கீற்று. அதன்மேல் இன்னொரு கீற்றைக் கவிழ்த்து வைத்து, ஓரத்தில் ஒரு தையல் ஓட்டி, மறுபக்கம் மடித்து நகத்தால் தேய்க்க வேண்டும். அடுத்த கீற்று, அதற்கடுத்தது என்று சதுரம் நிரம்பும் வரைக்கும் போகும். பிறகு சதுரங்களை ஒன்றோடொன்று சேர்த்து, அடியில் ஒரு பருத்திச் சேலை கொடுத்துத் தைத்தால் போர்வை. இதில் ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டேன். "ரவிக்கைன்னா நூல் பிசகக்கூடாது. இதுல கோணலா இருந்தா கோணலாவே வச்சுத் தைக்கலாம் சார். ஓரத்த மட்டும் கடைசியில வெட்டிக்கிரலாம்" என்றார்.

வீட்டில் இருக்கும் நாட்களில் மோட்டார் வைத்த இயந்திரத்தில் தைப்பார். கீற்றுகளைத் தயார் செய்வது மட்டும் கூடத்தில் நடந்தது. துணியின் ஓரத்தில் வீட்டிலேயே சின்னதாக வெட்டிவிட்டுக் கொண்டுவருவார். எனக்கு இடது கையில் ஊசி, அவருக்கு வலது கையில். என் வலது கையும் அவருடைய இடது கையும்தான் சும்மா இருந்தன. இரண்டு கட்டிலுக்கும் நடுவே கையை நீட்டி, துணியின் இரண்டு நுனியையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுப்போம். பருத்தித் துணி நூல் பிடித்து நேராகக் கிழிந்துகொடுக்கும். தூசி பறக்கும் என்று தலைமைச் செவிலியர் முதலில் மறுத்தார். துவைத்துக் காயவைத்த துணிதான் கொண்டுவர வேண்டும், இருவரும் முகக்கவசம் போட வேண்டும், ஒரு நூல்கூடத் தரையில் கிடக்கக்கூடாது என்று சொல்லி அப்புறம் சம்மதித்தார். பிறகு அவரே ஒருநாள் தன் மகளின் பழைய பாவாடையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதன்பின் ஆளாளுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். விஜயா இரண்டு சேலை கொடுத்தார். அழகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் விவசாயி முருகேசன் அண்ணன், மூலைக் கட்டில்காரர், தன் தலைத்துண்டைக் கொடுத்தார். அது நைந்து போயிருந்ததால் நேராகக் கிழியவேயில்லை. அதையும் செல்வராணி ஒதுக்கவில்லை. எந்தக் கீற்றுக்குப் பக்கத்தில் எது என்று தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்துப் பார்த்தார். நான் பச்சைக்குப் பக்கத்தில் பச்சையை வைத்தேன். சிரித்துவிட்டு, "நீங்க கிழிக்கிற வேலையோட இருங்க சார்" என்றார்.

இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பாண்டி தன் சிறுநீரகத்தில் ஒன்றை அக்காவுக்குத் தருவதாகத் தானே முன்வந்திருந்தார். பரிசோதனைகள் எல்லாம் முடிந்து பொருந்திவந்தன. மருத்துவமனையில் சேர வேண்டிய காலையில் அவர் வரவில்லை. கைப்பேசி அணைந்திருந்தது. செல்வராணி பையோடு வரவேற்பறையில் மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். பிறகு பாண்டி அக்கா வீட்டுப் பக்கமே வரவில்லை. கூடத்தில் நாங்கள் எல்லோரும் பாண்டியைப் பேசாத பேச்சில்லை. முருகேசன் அண்ணன்தான் அதிகம் பேசினார். செல்வராணி அந்தப் பேச்சில் ஒருநாளும் சேர்ந்ததில்லை.

போர்வை முடிந்த வெள்ளிக்கிழமை அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, செவிலியரிடம் ஒவ்வொரு கட்டிலாகக் காட்டச் சொன்னார். அவரவர் துணி எங்கே இருக்கிறது என்று எல்லோரும் தேடிக் கண்டுபிடித்தோம். கூடத்துக்காகத்தான் தைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சொன்னார். பாண்டிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அதற்குக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன், எல்லோர் துணியும் இருப்பதால் உங்களைக் கேட்காமல் எடுத்துப்போக மாட்டேன் என்று.

முருகேசன் அண்ணன், "அவன் வீட்டுக்கா? என் துண்டு அவன் வீட்டுக்குப் போகவேணாம்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். அதைக் கேள்வியாக மாற்றி, அவன் செய்ததற்கு உங்களுக்குக் கோபமே வரவில்லையா என்று செல்வராணியிடம் கேட்டேன்.

"வந்துச்சு சார். வராம இருக்குமா? ஒரு மாசம் சோறு இறங்கல" என்றார். போர்வையை இடது கையால் மடித்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார். "ஆனா அவன் பயந்துட்டான். அம்புட்டுத்தான். வயித்துல புள்ளையோட பொண்டாட்டி, அவனக் கிழிப்பாங்கன்னா பயம் வராதா? எனக்கும் ஒவ்வொரு தடவ ஊசி குத்துறப்பவும் பயமாத்தான் இருக்கு. இங்கன யாருக்குப் பயமில்ல, சொல்லுங்க."

ஊசி குத்தும்போது மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமில்லாததுபோல் செவிலியரிடம் கிரிக்கெட் பேசுகிற ஆள் நான். வெகு நேரம் கழித்து முருகேசன் அண்ணன் மூலையிலிருந்து, "குடுத்துட்டுப் போ தாயி. புள்ளைக்குக் குளிராம இருக்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பாண்டி வாசலில் நின்றபடி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அழுதாராம். நடந்ததைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. செல்வராணி குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தலை இன்னும் நிற்கவில்லை, பார்த்துத் தூக்குங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த செவ்வாயன்று பாண்டி வண்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். அதன்பிறகு ஒரு முறைகூடத் தவறவில்லை. எங்களுக்கும் தேநீர் வாங்கிக் கொடுப்பார். முருகேசன் அண்ணன் கொஞ்ச நாள் அதைக் குடிக்காமல் இருந்தார், பிறகு குடித்தார்.

அந்தத் திங்கட்கிழமையே துக்கத்துக்குக் கோச்சடைக்குப் போயிருந்தேன். பந்தலின் ஓரத்தில் பாண்டி தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏன்டா வரலன்னு அக்கா ஒருநாள் கேட்டிருக்கலாம்ல சார்" என்றார். நானே அவரிடம் அதைப் பல முறை மனதுக்குள் கேட்டிருக்கிறேன். அன்று அவர் தோளில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். அக்கா அதற்கான பதிலை எங்கள் முன்னால் சொல்லியிருந்தார் என்று சொன்னேன். என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து குளித்து உட்கார்ந்ததும் விஜயா சாப்பாடு எடுத்துவைத்தார். செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. நோய் வந்த நாளிலிருந்து நான் வீட்டில் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னேன். "எனக்குப் பயமா இருக்கு விஜயா."

விஜயா கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்குந்தாங்க" என்றார். "நீங்க ஒரு தடவ சொல்லமாட்டீங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அன்று நாங்கள் வெகு நேரம் பேசினோம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துவைத்திருந்ததையெல்லாம் பேசினோம். செல்வராணி விட்டுப்போனதில் எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: பயமாக இருக்கும்போது பயமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு இப்போது முடிகிறது.