சுஹைர் நானாவின் கடல் இருந்த ஃபோன்

கற்பிட்டியில் என் ஃபோன் கடைக்கு வரும் மீன்காரர்களில் சுஹைர் நானா ஒருவர்தான் பழைய ஃபோனைக் கைவிடாதவர். பொத்தான்கள் நிறைந்த ஃபோன்; ஒரு காலத்தில் உலகத்துப் பெரிய மனிதர்கள் கையிலெல்லாம் இருந்த கனடாக் கம்பெனியுடையது. அதை இந்தத் தெருவில் முதலில் விற்றவன் நான். "இந்தக் கம்பெனிய யாராலும் அசைக்க ஏலா" என்று நெஞ்சைத் தட்டியவனும் நான்தான். கண்ணாடி ஃபோன்கள் வந்தன, அந்தக் கம்பெனி ஃபோன் செய்வதையே விட்டது, நானும் கடை வாசலில் மாட்டியிருந்த அதன் போர்டைச் சத்தமில்லாமல் கழற்றினேன். அவர் மட்டும் மாறவில்லை.

"இதிலதான், ஹில்மி, என்ட கடல் இரிக்கி" என்று என்னிடம் சொல்வார்.

உண்மைதான். மீன் கூடும் கடலடிப் பாறையை நாங்கள் பார் என்போம். அவர் தனியாக அலைந்து கண்டுபிடித்த இருபத்து மூன்று பார்களின் ஜிபிஎஸ் எண்களும் அந்த ஃபோனில்தான் இருந்தன. பார் இருக்கும் இடத்தை இங்கே பெற்ற பிள்ளைக்கும் சொல்லமாட்டார்கள். அவர் எண்ணை வீட்டிலேயே பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டு, ஃபோனை அலுமாரியில் வைத்துவிட்டுத் தனியாகப் போவார். கடலில் படகின் ஜிபிஎஸ்ஸில் அதைத் தட்டி இடத்துக்குப் போய், திரும்பும்போது அழித்துவிடுவார்.

ஆறு வருடத்துக்கு முன் அவருடைய தம்பி ஜௌபரின் படகில், பாரில் மட்டுமே கூடும் களவா மீன் திடீரென்று குவிந்தது. தன் ஃபோனைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டான் என்றார் நானா. ஜௌபர் பள்ளிவாசலில் எல்லோர் முன்னாலும் அல்லாஹ்மேல் சத்தியம் செய்தான், அதைத் தொட்டதே இல்லை என்று. அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஜௌபர் படகை விற்று த்ரீவீலர் ஓட்டப் போனான். நானா என்னிடம் வந்தார். ஃபோனுக்குப் பூட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தேன். பத்துத் தரம் பிழையாகத் தட்டினால் உள்ளதெல்லாம் தானாக அழிந்துவிடும் என்று பெருமையாக வேறு சொன்னேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை விடியலில் போனவர் திரும்பவில்லை. செவ்வாய் காலை அவர் மனைவி ஷிம்லா மதினி அந்த ஃபோனோடு ஓடிவந்தார். பின்னால் ஜௌபர்.

"எந்தப் பக்கம் தேடுறண்டு படகுக்காரங்க கேக்கிறாங்க ஹில்மி. எனக்கும் ஒரு நாள் சொன்னதில்ல. அவருக்குச் சீனி வருத்தம் வேற. இதத் தெறந்து தாங்க."

கொழும்பில் எனக்குத் தெரிந்தவனைக் கூப்பிட்டேன். "அந்த ஃபோனுக்கு இப்ப ஆளே இல்ல, குப்பையில போடு" என்று சிரித்தான். அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். வேறென்ன செய்ய?

பிள்ளைகளின் பிறந்த நாள், கலியாண நாள், படகு இலக்கம், பிஸ்மியின் எண்ணான எழுநூற்று எண்பத்தாறு. ஒவ்வொன்றுக்கும் மதினி பிஸ்மி சொல்லித் தட்டினார். ஒவ்வொன்றும் பிழை. படகுகள் எல்லோருக்கும் தெரிந்த இடங்களில் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தன. ஜௌபர் கடை வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தான்.

புதன் மாலை ஒரே ஒரு தரம்தான் மிச்சம். சரியாகத்தான் தட்டுகிறோமா என்று சோதிக்க அந்த ஃபோன் முதலில் கம்பெனியின் பெயரையே தட்டச் சொல்லும். கைவிட்டுப் போன கம்பெனியின் பெயரை மதினி எழுத்தெழுத்தாகத் தட்டினார். பிறகு தன் பெயரைத் தட்டினார்.

திரை அணைந்து, புது ஃபோன்போல எழும்பியது. இருபத்து மூன்று பார்களும் போய்விட்டன.

மதினி ஃபோனை மேசையில் வைத்தார். கத்தியவன் ஜௌபர். தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "மதினி, எனக்கு ஒரு எடம் தெரியும். தலவில கோயிலுக்கு நேர் மேற்கால, நல்லாத் தூரத்தில. நானாட ஃபோனப் பார்த்தது நான்தான். சத்தியமும் பொய்தான்." ஆறு வருடம் மறக்காத எண்ணை ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

அப்போதே படகுகள் கிளம்பின. நானா அங்கேதான் இருந்தார். எஞ்சின் பழுதாகி, நங்கூரம் போட்டுக் காத்திருந்திருக்கிறார். தண்ணீர்க் கேன் காலி. உடம்பைத்தான் கொண்டு வந்தார்கள். புதன்கிழமை பகல் வரையாவது உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

ஜனாஸா வீட்டில் ஜௌபர் மதினி முன்னால் விழுந்து அழுதான். மதினி அவனைப் பார்த்துக் கேட்டார்:

"செவ்வாக்கெழமயே சொல்லியிருந்தா, உசிரோட வந்து உங்களுக்கு ஏசியிருப்பாரே ஜௌபர்?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். அந்தப் பூட்டைப் போடச் சொல்லிக் கொடுத்தது யார் என்று மதினிக்குத் தெரியாது. நான் இன்னும் சொல்லவில்லை.