ஏழு தண்ணீர்

கற்றாழைச் சோற்றை ஏழு தண்ணீரில் கழுவ வேண்டும் என்று முதலில் சொன்ன வைத்தியர் நிச்சயம் ஆற்றங்கரையில் பிறந்தவராகத்தான் இருப்பார். எங்கள் ஊர் நாகலாபுரம் பக்கம். தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அதை இடுப்பில் சுமந்த பத்து வயதுக்காரியான என்னைக் கேட்டிருந்தால், ஒரு தண்ணீரே அதிகம் என்றிருப்பேன்.

அப்பாவுக்கு வயிற்றுக்கோளாறு. சாப்பிட்டது தங்காது. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை கருவேல மரங்களுக்குப் பின்னால் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசலோரமாகவே உட்காருவார். பிரசங்கத்தின் நடுவில் அவர் எழுந்து ஓடுவதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொண்ட உபதேசியார், பிரசங்கத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார். ஊரே அப்பாவுக்கு நன்றி சொன்னது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் வேட்டியில் ரத்தத்தை அம்மா பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

கோவில்பட்டி டாக்டர், திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிடச் சொன்னார். அப்பாவோ திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரோ சொன்ன கற்றாழையை நம்பினார். வயிற்றுப்புண், மூலம், குடல்சூடு எல்லாவற்றுக்கும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் போதுமாம். ஒரு மாதம் குடித்துப் பாருங்கள், கேட்காவிட்டால் திருநெல்வேலிதான் என்று அம்மா கெடு வைத்தாள்.

மடலைச் சீவுவது அம்மா, கழுவுவது நான். அதிலுள்ள மஞ்சள் பால் வயிற்றுக்குள் போனால் பிடுங்கி எடுத்துவிடும். அதற்குத்தான் ஏழு தண்ணீர். நான் ஒரே தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு, அடுப்படிக்குக் கேட்கும்படி ஏழு வரை எண்ணுவேன். எண்ணுவதில் நான் கெட்டிக்காரி. மோரில் அடித்து உப்புப் போட்டுக் கொடுத்தால், அப்பா கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்.

மாதம் முடிந்தது. ஆறேழு தடவை பத்துப் பன்னிரண்டு ஆகியிருந்தது. அம்மா பையில் வேட்டி, துண்டு எடுத்துவைத்தாள். மறுநாள் காலை பஸ். வத்தல் காய்கிற களத்தில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய ஆள் பயந்துபோய் இருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“ஒரு தண்ணிலயா கழுவுன?”

“ஆமாப்பா. எண்ணுனது மட்டுந்தான் ஏழு.”

அடி விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

“ஏட்டி, இவ ஒழுங்காக் கழுவலயாம். அந்தப் பாலுதான் என்னய இந்தப் பாடு படுத்திருக்கு. மருந்து மேல குத்தமே இல்ல.”

“அதுக்கு முந்தி வந்த ரத்தம்?” என்றாள் அம்மா.

“எல்லாம் சரியாயிரும். இன்னும் ரெண்டு மாசம் பாப்பம்.”

பையிலிருந்த வேட்டியை அப்பாவே எடுத்துக் கொடியில் போட்டார். உண்மை பேசினால் இவ்வளவு சந்தோஷம் வருமா என்று எனக்கு ஆச்சரியம். அதன்பிறகு ஏழல்ல, பத்துத் தண்ணீரில் கழுவினேன். இரண்டு மாதம் ஐந்து மாதமானது.

கடைசியில் திருநெல்வேலிக்குப் போனபோது அப்பாவைத் தூக்கித்தான் காரில் ஏற்றினார்கள். டாக்டர் ஸ்கேன் படங்களைப் பார்த்துவிட்டு, ஏம்மா இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை என்று நினைத்து, கற்றாழைக் கதையை முதலிலிருந்து நானே தெளிவாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அம்மா என் வாயை இறுகப் பொத்தினாள்.

பத்துத் தண்ணீரில் கழுவியதைச் சொல்லவிடவில்லையே என்று, வீடு வந்து சேரும்வரை எனக்கு அவள்மேல் கோபம்.