ஏலக்கூடத்துக் குறுக்கு ஆங்கிள்

சிதம்பரத்தில் சிவில் படித்தபோது எனக்குப் பிடித்த ஒரே பாடம் இரும்புக் கட்டுமானம். எங்கள் மீனவக் கிராமத்தில் இரும்பென்றால் நங்கூரமும் துருவும்தான். அதை வைத்துப் பெரிய பெரிய கூரைகளையே நிறுத்தலாம் என்றதும் முதல் வகுப்பிலேயே மயங்கிவிட்டேன். நாலு சட்டங்களைச் சதுரமாகப் பூட்டித் தள்ளினால் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை இன்னொன்றைப் பூட்டினால் அசையாது. நான்கு வருஷப் படிப்பில் மண்டையில் முழுசாக நின்றது இது ஒன்றுதான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், கடலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே மீன் ஏலக்கூடம் கட்டும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. சைட் இன்ஜினியர் நான். பக்கத்துக்கு ஆறு இரும்புத் தூண், மேலே தகடு, சுவர் கிடையாது. காற்றுக்குச் சாயாமல் இருக்க, ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு தூண்களுக்கு நடுவே பெருக்கல் குறி போல ஆங்கிள், அதாவது குறுக்கு இரும்புச் சட்டம், போட வேண்டும். எந்த இரண்டு தூண் என்று டிசைன் செய்தவர் என்னிடம் கேட்டார். உள்ளூர்க்காரி என்ற மிதப்பில், ரோட்டுப் பக்க வரிசைக்கு முதல் இரண்டு என்று சட்டென்று சொல்லிவிட்டேன்.

திறந்த ஒரே வாரத்தில் என் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ஊர்ப் பஞ்சாயத்தில் இருப்பவர். ரோட்டுப் பக்கத்து ஆங்கிளை எடுத்துவிடச் சொன்னார். தூண்தான் கூரையைத் தாங்குகிறதே, இது என்னத்துக்கு என்பது அவர் கட்சி. அது ஏன் இடைஞ்சல் என்றுகூடக் கேட்காமல், முடியவே முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் வங்கக் கடலில் புயல் சின்னம். துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய அன்று போய்ப் பார்த்தால் ஆங்கிளைக் காணோம். அறுத்த தடம் மட்டும் தூணில் பளபளத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும்தான். என் அம்மாவும் அந்தக் கூரைக்குக் கீழேதான் மீன் எடுக்கிறாள். நேரே மாமா வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கே மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாதான் தலை நிமிராமல் சொன்னாள்.

"அவன ஏன் திட்ற? நான்தான் வெல்டர இட்டாந்து அறுக்கச் சொன்னேன். தலையில கூடைய வச்சிக்கினு எப்பிடிக் குனியறது? ரெண்டு பேரு இடிச்சிக்கினு வுழுந்தாச்சி."

சுருக்கென்றது. ஏலம் எடுத்த மீனோடு பெண்கள் ரோட்டுக்கு வரும் வழியையே மறித்திருக்கிறேன். இத்தனைக்கும், ஆங்கிள் அங்கேதான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே வரிசையில் வேறு இரண்டு தூண்களுக்கு நடுவிலும் போடலாம்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், யாரும் நடக்காத இடம் எது என்று கேட்டேன். ஐஸ் பெட்டி அடுக்கும் கடைசி இடைவெளியைக் காட்டினாள். டிசைன் செய்தவருக்குப் போன் போட்டேன். கணக்குப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அதே வெல்டரைப் பிடித்து, மழை தொடங்குவதற்குள் வேலையை முடித்தோம்.

இரண்டு நாள் காற்றில் நாலைந்து தகடுகள் பறந்தன. கூடம் சாயவில்லை. காற்று ஓய்ந்து படகுகள் திரும்பிய காலையில், தூண் நடும்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

அவள் சும்மாட்டைச் சரிசெய்து, கூடையைத் தலையில் ஏற்றினாள்.

"நாலு மாசம் இங்கியேதான நின்ன. எந்த வழியா போறீங்கன்னு ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை.